இராபர்ட் பாரானி

இராபர்ட் பாரானி (ஏப்ரல் 22, 1876 – ஏப்ரல் 8, 1936) ஆஸ்திரியாவில் பிறந்து சுவீடனில் மறைந்த காது மருத்துவர் ஆவார். உட்செவியில் உள்ள சமநிலை உறுப்பின் இயக்கத்தையும் அதன் நோய்களையும் ஆராய்ந்தமைக்காக 1914 ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு இவருக்கு வழங்கப்பட்டது. பரிசு அறிவிக்கப்பட்டபோது இவர் உருசியரிடம் பிடிபட்டு, நடு ஆசியாவில் ஒரு போர்க்கைதி முகாமில் இருந்தார். தலைச்சுற்றல் என்பது நோயாளி சொல்ல மருத்துவர் நம்பவோ நம்பாமலோ விடக்கூடிய ஒன்றாக இருந்த காலத்தில், அதனைக் கண்ணால் கண்டு, நொடிக்கணக்கில் அளந்து, கோளாறு எந்தக் காதில் என்று சொல்லும் வழியை வகுத்தவர் இவரே. இன்று திறன்பேசியைக் கொண்டு செய்யப்படும் சமநிலைச் சோதனைகளுள் பலவற்றின் வேர் இவருடைய பணியில் உள்ளது.

இளமையும் கல்வியும்

பாரானி வியன்னா நகரில் பிறந்தார். ஆறு குழந்தைகளுள் மூத்தவர். அங்கேரிய யூத மரபினரான தந்தை பண்ணை நிலங்களின் மேலாளராகப் பணியாற்றினார். தாயின் குடும்பம் பிராக் நகரில் கல்வியால் பெயர் பெற்றது. சிறுவயதில் எலும்பில் காசநோய் கண்டதால் இவருக்கு ஒரு முழங்கால் மடங்காமல் விறைத்துப் போயிற்று. ஆயினும் டென்னிசு விளையாடுவதையும் மலையேறுவதையும் இவர் விட்டுவிடவில்லை. மருத்துவத்தில் ஆர்வம் எழுந்ததற்கு இந்நோயே காரணம் என்பர்.

1900 இல் வியன்னா பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். அதன் பின் செருமனிக்குச் சென்று பிராங்க்ஃபர்ட்டில் உள்மருத்துவமும், ஐடெல்பர்க்கில் எமில் கிரேப்பெலின் என்னும் புகழ்பெற்ற மனநோய் மருத்துவரிடமும், பின்னர் பிரைபர்க்கிலும் நரம்பு மற்றும் மனநோய் மருத்துவமும் பயின்றார். வியன்னா திரும்பிச் சிறிது காலம் அறுவை மருத்துவத்தில் பயிற்சி பெற்று, 1903 இல் ஆடம் பொலிட்சரின் காது மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். காது நோய்களுக்கென உலகில் முதன்முதலாகத் தோன்றிய பிரிவுகளுள் அது ஒன்றாகும். நரம்பு மருத்துவம் கற்ற ஒருவர் காது மருத்துவத்துக்கு வந்தமை பின்னர் பெரிதும் பயன்பட்டது. காதுக்கும் கண்ணுக்கும் சிறுமூளைக்கும் இடையிலுள்ள தொடர்பை ஒருசேரப் பார்க்கும் பழக்கம் இவருக்கு அங்கிருந்தே வந்தது.

பாரானிக்கு முன்

காது கேட்பதற்கு மட்டுமே உரிய உறுப்பு என்ற எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை நிலவியது. 1820களில் பிரான்சில் புளூரன்சு என்பவர் புறாக்களின் அரைவட்டக் குழல்களை வெட்டியபோது, அவை கேட்கும் திறனை இழக்காமல், தலையை ஆட்டியபடி சுழன்று விழுவதைக் கண்டார். 1861 இல் மெனியே, தலைச்சுற்றல் மூளையிலிருந்து மட்டுமன்றி உட்செவியிலிருந்தும் வரக்கூடும் என எடுத்துரைத்தார். 1870களில் மாக், புரோயர், கிரம் பிரௌன் ஆகிய மூவரும் தனித்தனியே, அரைவட்டக் குழல்களில் உள்ள நீர்மத்தின் அசைவே தலை திரும்புவதை உணர்த்துகிறது என்ற முடிவுக்கு வந்தனர். காதினுள் குளிர்ந்த நீரைப் பாய்ச்சினால் தலை சுற்றும் என்பதையும் பிரௌன்-செக்கார் முதலியோர் முன்பே கவனித்திருந்தனர்.

இவ்வளவும் ஆய்வுக்கூடத்தில் தெரிந்தவை. நோயாளி எதிரே வந்து அமர்ந்தால், அவருடைய இடக்காதின் சமநிலை உறுப்பு உயிருடன் உள்ளதா இல்லையா என்று சொல்ல எந்த மருத்துவருக்கும் வழி தெரிந்திருக்கவில்லை. அன்று இது வெறும் அறிவு வேட்கை சார்ந்த வினாவன்று. நுண்ணுயிர்க் கொல்லி மருந்துகள் இல்லாத அக்காலத்தில் காதில் சீழ் பிடித்தல் சாவில் முடியக்கூடிய நோயாக இருந்தது. சீழ் நடுச்செவியைத் தாண்டி உட்செவிக்குள் புகுந்துவிட்டால் அடுத்தது மூளைதான். புகுந்துவிட்டதா என்பதை அறிந்தே அறுவை செய்வதா, காத்திருப்பதா என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது.

கலோரிக் சோதனை

பொலிட்சரின் பிரிவில் இளம் மருத்துவரான பாரானிக்கு வாய்த்த பணிகளுள் ஒன்று, சீழ் வடியும் காதுகளை நீர் பீய்ச்சிக் கழுவுதல். கழுவியபின் பலர் தலை சுற்றுவதாகக் கூறினர். அவர்களுடைய கண்களைப் பார்த்தபோது, விழிகள் ஒரு பக்கமாக மெல்ல நகர்ந்து, மறுபக்கமாக வெடுக்கென்று திரும்புவதைக் கண்டார். விழியாட்டம் எனப்படும் இவ்வசைவு அவருக்கு முன்பே தெரிந்ததுதான். ஆனால் அதன் காரணம் தெரியவில்லை. ஒருமுறை ஒரு நோயாளி நீர் மிகவும் குளிர்ந்திருப்பதால்தான் தமக்குத் தலை சுற்றுகிறது என்று குறைபட்டுக்கொண்டார். வெப்பம் கூடிய நீர் கொண்டுவரப்பட்டது. அது அளவுக்கு மீறிச் சூடாக இருந்தது. தலைச்சுற்றல் மீண்டும் வந்தது. ஆனால் இம்முறை விழியாட்டம் எதிர்த் திசையில் இருந்தது.

இவ்விடத்தில் பாரானிக்கு நினைவு வந்தது குளியலறை வெந்நீர்க் கலன். கீழே தீ எரிந்தாலும் கலனின் அடியில் நீர் குளிர்ந்தும் மேலே கொதித்தும் இருப்பதை அவர் கண்டிருந்தார். அடுப்பில் வெந்நீர்த் தவலை ஏற்றிய எவரும் அறிந்த செய்தி இது: சூடேறிய நீர் இலேசாகி மேலே செல்லும், குளிர்ந்த நீர் கனத்துக் கீழே இறங்கும். உட்செவிக் குழலில் உள்ள நீர்மத்துக்கும் இதுவே நேர்கிறது என்று அவர் கருதினார். வெளிச்செவியில் குளிர்ந்த நீர் பட்டால் அதற்கு அண்மையிலுள்ள குழலின் ஒருபகுதி குளிர்ந்து, அங்குள்ள நீர்மம் கீழிறங்கும். வெந்நீர் பட்டால் மேலேறும். தலை திரும்பாதபோதும் திரும்புவதாக மூளைக்குச் செய்தி செல்லும்; கண்கள் அதற்கேற்ப நகரும்.

கருத்து சரியா என்று பார்க்க எளிய வழி ஒன்றும் அதிலேயே இருந்தது. தலையைக் கவிழ்த்தால் மேல் கீழாகும். ஆகவே அதே நீருக்கு விழியாட்டம் எதிர்த்திசையில் வரவேண்டும். அவ்வாறே வந்தது. 1906 இல் இவ்வாய்வு வெளியாயிற்று.

சோதனை செய்யும் முறை இன்றும் ஏறத்தாழ அதேதான். படுத்திருக்கும் நோயாளியின் தலையை 30 பாகை உயர்த்தினால் கிடையாக உள்ள அரைவட்டக் குழல் செங்குத்தாக நிற்கும். பின் ஒவ்வொரு காதிலும் நீர் விடப்படும். குளிர்நீர் விட்டால் விழியின் விரைவான அசைவு எதிர்க் காதை நோக்கியும், வெந்நீர் விட்டால் அதே காதை நோக்கியும் இருக்கும். 1942 இல் பிட்சுசெரால்டு, ஆல்பைக் ஆகிய இருவரும் நீரின் வெப்பநிலையை 30, 44 பாகை செல்சியசு என வரையறுத்தனர். அதாவது உடல் வெப்பத்துக்கு 7 பாகை கீழும் 7 பாகை மேலும். ஒரு காதில் நீர் விட்டும் விழி அசையவில்லையெனில் அக்காதின் சமநிலை உறுப்பு செயலிழந்துவிட்டது என்று கொள்ளலாம். இரு காதுகளையும் தனித்தனியே சோதிக்க முடிவதே இதன் தனிச்சிறப்பு. நடக்கச் சொல்லியும் நிற்கச் சொல்லியும் பார்க்கும் சோதனைகளால் இதனைச் செய்ய இயலாது.

சுழல் நாற்காலியும் சுட்டும் சோதனையும்

அடுத்த சில ஆண்டுகளில் பாரானி மேலும் சில முறைகளை வகுத்தார். அவர் பெயராலேயே வழங்கும் சுழல் நாற்காலியில் நோயாளியை அமர்த்தி 20 நொடிகளில் 10 சுற்றுகள் சுற்றித் திடீரென நிறுத்துவர். நாற்காலி நின்றாலும் குழல்களில் உள்ள நீர்மம் உடனே நிற்காது. அதனால் எழும் விழியாட்டம் எத்தனை நொடி நீடிக்கிறது என்று அளப்பர். முதல் உலகப் போரின்போது அமெரிக்காவில் வானூர்தி ஓட்டுநர்களைத் தேர்ந்தெடுக்க இந்நாற்காலி பெருமளவில் பயன்பட்டது. குறிப்பிட்ட நொடிகளுக்குக் குறைவாக விழியாட்டம் கொண்டவர்கள் தள்ளப்பட்டனர். நாற்காலியில் தேறாத சிலர் நன்றாகப் பறக்கக்கூடியவர்கள் என்பது பின்னரே தெளிவாயிற்று. நோயைக் கண்டறிய அமைத்த அளவுகோலை வேலைக்கு ஆள் பிரிக்கும் சல்லடையாக்கியதால் வந்த வினை அது. பாரானியின் பிழை அன்று.

சுட்டும் சோதனை இதைவிட எளியது. கருவி எதுவும் தேவையில்லை. நோயாளி கையை நீட்டி மருத்துவரின் விரலைத் தொடுவார். பின் கண்களை மூடிக் கையைத் தாழ்த்தி மீண்டும் உயர்த்தி அதே விரலைத் தொட முயல்வார். நலமாக உள்ளவர் சரியாகத் தொடுவார். உட்செவியில் கோளாறு இருந்தால் கை ஒரு பக்கமாக விலகும். உட்செவி நோயா சிறுமூளை நோயா என்று பிரித்தறிய இவ்விலகல் உதவும் என்று பாரானி காட்டினார். சிறுமூளையின் இன்ன பகுதி இன்ன மூட்டின் இன்ன அசைவை ஆள்கிறது என்று அவர் வரைந்த நுணுக்கமான வரைபடத்தைப் பிற்கால ஆய்வாளர்கள் அப்படியே ஏற்கவில்லை. சோதனை மட்டும் நிலைத்தது.

ஒரு காதின் கேட்கும் திறனைச் சோதிக்கும்போது மறுகாது கேட்டுவிடாமல் இருக்க, அதில் இரைச்சல் எழுப்பும் சிறு கருவி ஒன்றையும் இவர் உருவாக்கினார். 1909 இல் வியன்னாப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் தகுதி பெற்றார். அதே ஆண்டில் ஈடா பெலிசிட்டாசு பெர்கரை மணந்தார். இவர்களுக்கு இரு மகன்களும் ஒரு மகளும் பிறந்தனர்.

போரும் சிறையும்

1914 இல் போர் மூண்டது. விறைத்த முழங்கால் காரணமாகப் பாரானியைப் படைக்கு யாரும் அழைத்திருக்க முடியாது. அவர் தாமாகவே அறுவை மருத்துவராகச் சேர்ந்தார். நாட்டுப் பற்றுடன் தொழில் ஆர்வமும் இதற்குக் காரணம்: தலையில் குண்டடி பட்டவர்களிடம் சிறுமூளைக்கும் சமநிலைக்கும் உள்ள தொடர்பை ஆராயலாம் என்று அவர் எண்ணினார். இன்று போலந்து நாட்டில் உள்ள பிசெமிசில் கோட்டைக்கு அனுப்பப்பட்டார். மூளைக் காயங்களைத் திறந்தபடி விட்டு மருந்து திணிப்பதே அன்றைய வழக்கம். பாரானி காயத்தைத் தூய்மை செய்து உடனே தைத்து மூடும் முறையைப் பின்பற்றினார்.

நீண்ட முற்றுகைக்குப் பின் மார்ச் 22, 1915 அன்று அக்கோட்டை உருசியரிடம் வீழ்ந்தது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் கைதாயினர். அவர்களுள் பாரானியும் ஒருவர். இன்றைய துருக்மெனிசுதானில் உள்ள மெர்வு நகருக்கு அவர் கொண்டுசெல்லப்பட்டார். பாலைவனச் சோலையான அவ்வூரில் மலேரியாக் காய்ச்சல் கடுமையாக இருந்தது. அவரையும் அது பற்றியது. காது மருத்துவர் என்று அறிந்த முகாம் அதிகாரிகள் அவரைத் தொழில் செய்ய விட்டனர். சக கைதிகளுடன் உருசிய அதிகாரிகளும் உள்ளூர் மக்களும் அவரிடம் மருத்துவம் பெற்றனர்.

இந்நிலையில்தான் 1915 இல், முந்தைய ஆண்டுக்கென நிறுத்தி வைக்கப்பட்டிருந்த நோபல் பரிசு பாரானிக்கு அறிவிக்கப்பட்டது. முகாமிலேயே செய்தி எட்டியது. சுவீடன் செஞ்சிலுவைச் சங்கத்தின் தலைவராயிருந்த இளவரசர் கார்ல் உருசிய அரசிடம் வேண்டியதன்பேரில் 1916 இல் பாரானி விடுவிக்கப்பட்டார். அதே ஆண்டு ஸ்டாக்ஹோமில் பரிசைப் பெற்றுக்கொண்டு, செப்டம்பர் மாதத்தில் நோபல் உரையும் ஆற்றினார்.

வியன்னாவில் எழுந்த எதிர்ப்பு

நோபல் பரிசுடன் ஊர் திரும்பிய அவருக்கு வரவேற்பு கிட்டவில்லை. முன்னோர் கண்டறிந்தவற்றை உரிய முறையில் குறிப்பிடாமல் தம்முடையவை போல எழுதிவிட்டார் என்று அவருடன் பணியாற்றியவர்களே குற்றம் சாட்டினர். பேராசிரியர் பதவி கிடைக்கவில்லை.

குற்றச்சாட்டில் ஒரு சிறு பங்கு உண்மை உண்டு. குளிர்நீரால் தலை சுற்றும் என்பது மேலே கூறியவாறு பழைய செய்தியே. அவருடைய கட்டுரைகளில் பிறர் பெயர்கள் சில விடுபட்டும் இருந்தன. ஆனால் குளிர், வெப்பம் இரண்டுக்கும் திசை மாறுவதை ஒரே விளக்கத்தால் இணைத்ததும், தலையைக் கவிழ்த்து அதை மெய்ப்பித்ததும், ஒவ்வொரு காதையும் தனித்துச் சோதிக்கும் முறையாக நோயாளியின் படுக்கையருகே கொண்டுவந்ததும் பாரானியின் பணிகள். முன்பு தெரிந்திருந்த ஒன்றைப் பயன்படத்தக்கதாக்கியவருக்குப் பெருமை எவ்வளவு என்ற வழக்கு அறிவியலில் ஓயாதது. ஓல்ம்கிரென் உள்ளிட்ட வடநாட்டுக் காது மருத்துவர்கள் அவருக்கு ஆதரவாகக் கண்டன அறிக்கை வெளியிட்டனர்.

மனம் கசந்த பாரானி 1917 இல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகக் காது மருத்துவப் பிரிவின் தலைமையை ஏற்றுக் குடும்பத்துடன் அங்கே குடியேறினார். வியன்னாவின் பெரிய மருத்துவமனையுடன் ஒப்பிட அது சிறிய இடம். எஞ்சிய வாழ்நாள் முழுவதும் அங்கேயே கழிந்தது.

உப்சாலா ஆண்டுகள்

1921 இல் பாரானி ஓர் இளம்பெண்ணின் நோயை விரிவாக எழுதினார. குறிப்பிட்ட ஒரு பக்கமாகத் திரும்பிப் படுக்கும்போது மட்டும் அவருக்குக் கடுமையான தலைச்சுற்றலும் விழியாட்டமும் வந்தன. சில நொடிகளில் அடங்கின. அரைவட்டக் குழல்களுக்கு அருகே, சுண்ணக நுண்கற்களைத் தாங்கிய உறுப்பு ஒன்று உள்ளது. கோளாறு அவ்வுறுப்பில் என்று பாரானி கருதினார். 1952 இல் மார்கரெட் டிக்சு, சார்லசு ஆல்பைக் ஆகியோர் இந்நோயைக் கண்டறியும் படுக்கைச் சோதனையை முறைப்படுத்தினர். இக்கற்கள் பெயர்ந்து குழலுக்குள் விழுவதே காரணம் என்பது பின்னர் தெளிவாயிற்று. தலையைப் படிப்படியாகத் திருப்பி அவற்றை வெளியேற்றும் முறையை 1992 இல் எப்லி வெளியிட்டார். படுக்கையில் புரளும்போது வரும் இத்தலைச்சுற்றல், உட்செவி சார்ந்த தலைச்சுற்றல்களுள் மிகப் பரவலானது. மருந்தின்றி, சில நிமிடங்களில் பெரும்பாலும் குணமாக்கக்கூடியது. பலர் இதனை இரத்த அழுத்தம் என்றோ பித்தம் என்றோ கருதி மாதக்கணக்கில் மாத்திரை உண்கின்றனர்.

பின்னாளில் தசைவாத நோயைப் பற்றி ஆராய்ந்தார். பக்கவாதம் தாக்கி உடலின் ஒரு பகுதி செயலிழந்த பின்னும் எழுதிக்கொண்டிருந்தார். உலக அமைதிக்காகப் பன்னாட்டு அமைப்பு ஒன்று வேண்டும் என்றும் முயன்றார். தம் அறுபதாம் பிறந்தநாளுக்கு இரு வாரம் இருக்கையில் உப்சாலாவில் காலமானார். அவர் பிள்ளைகளும் மருத்துவத் துறையிலேயே விளங்கினர். மூத்த மகன் எர்ன்சுட்டு உப்சாலாவில் மருந்தியல் பேராசிரியரானார். சமநிலை ஆய்வாளர்களின் பன்னாட்டுக் கழகமான பாரானி கழகம் 1960 இல் தொடங்கப்பட்டது.

அவருடைய வெந்நீர்க் கலன் விளக்கத்துக்கு 1983 இல் ஒரு சோதனை வந்தது. ஈர்ப்பு இல்லாத இடத்தில் சூடான நீர் மேலேறாது. ஆகவே விண்வெளியில் கலோரிக் சோதனைக்கு விழியாட்டம் வரக்கூடாது. ஸ்பேஸ்லேப் விண்கலத்தில் செய்து பார்த்தபோது வந்தது. நீர்மம் ஏறி இறங்குவது முதன்மைக் காரணம் எனினும் அது ஒன்றே காரணம் அன்று என்பது இதனால் புலனாயிற்று.

திறன்பேசியில் சமநிலைச் சோதனை

உட்செவியில் இரு வகை உணரிகள் உள்ளன. அரைவட்டக் குழல்கள் தலையின் சுழற்சியை உணர்கின்றன; செவிக்கற்கள் கொண்ட உறுப்புகள் நேர்கோட்டு முடுக்கத்தையும் ஈர்ப்பின் திசையையும் உணர்கின்றன. திறன்பேசிக்குள்ளும் இதே இணை உண்டு. கைரோஸ்கோப் சுழற்சியை அளக்கிறது. முடுக்கமானி நேர்கோட்டு முடுக்கத்தையும் பேசி எப்பக்கம் சாய்ந்துள்ளது என்பதையும் அளக்கிறது. சிலிக்கான் வில்களில் தொங்கும் நுண்ணிய எடை அசைவதே முடுக்கமானியின் அடிப்படை. பேசியைத் திருப்பினால் திரைப்படமும் திரும்புவதற்கென வைக்கப்பட்ட இவ்வுணரிகள் மருத்துவருக்கும் பயன்படும் என்பது பின்னர் தோன்றிய எண்ணம். 2007 இல் வந்த முதல் ஐபோனில் முடுக்கமானி இருந்தது. 2010 இல் வந்த நான்காம் ஐபோனில் கைரோஸ்கோப்பும் சேர்ந்தது.

இவ்வுணரிகளால் முதலில் பயனடைந்தது, பாரானியினும் பழையதான ரோம்பர்க் சோதனை. பெர்லின் மருத்துவரான மோரிட்சு ரோம்பர்க் (1795–1873) 1840களில் விவரித்தது இது. கால்களைச் சேர்த்து வைத்து நிற்பவர் கண்களை மூடியதும் தள்ளாடுகிறாரா என்று பார்ப்பர். எவ்வளவு தள்ளாடினார் என்பது மருத்துவரின் கண்மதிப்பே. விசைமேடை எனப்படும் கருவி இதனைத் துல்லியமாக அளக்கும். ஆனால் அது விலை மிகுந்தது, பெரிய மருத்துவமனைகளில் மட்டுமே இருக்கும். திறன்பேசியை உடலின் நிறைமையத்துக்கு அருகே, இடுப்பின் பின்புறத்தில் பட்டையால் இறுகக் கட்டி, 30 நொடி நிற்கச் செய்தால் அசைவைச் செயலி எண்ணாகப் பதிவு செய்கிறது. கண் திறந்து, கண் மூடி, மெத்தென்ற நுரைப் பஞ்சின்மேல் என மாற்றி மாற்றி நிற்கச் செய்வர். நுரையின்மேல் கால் தரும் செய்தி குழம்பும். கண்ணை மூடினால் பார்வையும் இல்லை. எஞ்சுவது உட்செவி மட்டுமே. அங்கே அசைவு திடீரென மிகுந்தால் உட்செவியை ஐயுறலாம்.

வேறு பயன்களும் உண்டு. திரையில் தோன்றும் கோட்டை நோயாளி செங்குத்தாக நிறுத்த முயல்வார். நலமுள்ளவர் 2 அல்லது 3 பாகைக்குள் நிறுத்திவிடுவார். தலைச்சுற்றல் வந்த நேரத்தில் கண்ணை வீட்டார் காணொளியாக எடுத்துவைத்தால், மருத்துவமனைக்கு வருவதற்குள் மறைந்துவிடும் விழியாட்டத்தை மருத்துவர் பின்னர் காணலாம். பாரானி இக்காட்சிக்காகவே காது கழுவி, நாற்காலி சுற்றி, நோயாளியிடம் அதனை வரவழைத்தார்.

குறைகளும் உள்ளன. பேசியைக் கையில் பிடித்து மார்போடு அணைத்தால் மூச்சும் கைநடுக்கமும் சேர்ந்து பதிவாகும். பட்டை தளர்ந்தால் எண் கூடும். ஒரு வகைப் பேசியில் பெற்ற அளவை மற்றொரு வகையில் பெற்றதுடன் அப்படியே ஒப்பிட இயலாது. வயதுக்கேற்ற இயல்பளவு எது என்பதும் செயலிக்குச் செயலி மாறுகிறது. ஒரே நோயாளியை, ஒரே பேசியால், ஒரே இடத்தில் கட்டி, சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஒப்பிடும்போதுதான் இவ்வெண்கள் மிகவும் நம்பத்தக்கவை.

திருப்பெரும்புதூர்–ஒரகடம்

தமிழகத்தில் இவ்விரு செய்திகளும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. இராமாநுசர் பிறந்த ஊராக அறியப்பட்ட திருப்பெரும்புதூரில் நோக்கியா நிறுவனம் 2006 இல் கைப்பேசி உற்பத்தியைத் தொடங்கியது. பெரும்பாலும் பொத்தான் பேசிகள் செய்த அத்தொழிற்சாலை நவம்பர் 2014 இல் மூடப்பட்டது. 2019 முதல் பாக்சுகான் நிறுவனம் அவ்வட்டாரத்தில் ஐபோன்களைப் பூட்டி உருவாக்குகிறது. மேலே கூறிய இரு உணரிகளையும் தாங்கிய பேசிகள் இவை. அண்மையிலுள்ள ஒரகடத்தில் 2010 இல் ரெனோ–நிசான் மகிழுந்துத் தொழிற்சாலையும், 2012 இல் டைம்லர் சரக்குந்துத் தொழிற்சாலையும் உற்பத்தியைத் தொடங்கின.

இத்தகைய தொழில் வட்டாரங்களில் சமநிலைச் சோதனை ஒருவரின் வேலையைத் தீர்மானிக்கும் ஒன்றாகவும் உள்ளது. கூரையிலோ சாரத்திலோ ஏறிப் பணிசெய்ய வேண்டியவர்களுக்குத் தலைச்சுற்றல் உண்டா என்று பார்த்த பின்னரே அனுமதி அளிப்பது இந்தியத் தொழிற்சாலைகளிலும் கட்டுமானத் தளங்களிலும் உள்ள வழக்கம். கண்ணை மூடி நிற்கவும், கோட்டின்மேல் அடிமேல் அடி வைத்து நடக்கவும் சொல்வர். உயரத்திலிருந்து விழுதல் உயிர்போகும் விபத்தாதலால் சோதனை தேவையானதே. ஆயினும் பாரானி 1921 இல் எழுதிய அப்பெண் போன்ற ஒருவர், நோய் வராத வேளையில் இச்சோதனையில் எளிதில் தேறிவிடுவார். அண்ணாந்து பார்த்துத் திருகாணி முடுக்கும்போதுதான் அவருக்குத் தலை சுற்றும். இரவுப்பணி முடித்து உறங்காமல் வந்தவரோ, உட்செவியில் ஒரு குறையும் இல்லாதிருந்தும் கூடுதலாகத் தள்ளாடுவார். பேசியை இடுப்பில் கட்டி அளந்தாலும் இவ்விரு நிலைகளும் மாறுவதில்லை. படுக்கையில் புரளும்போது தலை சுற்றுமா என்று கேட்பதும், ஐயம் இருந்தால் படுக்கவைத்துத் தலையைத் திருப்பிக் கண்களைப் பார்ப்பதும் செயலியால் செய்ய இயலாதவை. இவற்றுக்கு ஒரு மேசையும் ஐந்து நிமிடமும் போதும்.